நிலக்கடலையில் பருவமறிந்து ஊட்டமிடல்

நிலக்கடலையில் பருவமறிந்து ஊட்டமிடல் என்பது, நிலக்கடலைப் பயிரின் வளர்ச்சிப் பருவங்களைக் கணக்கிட்டு, ஒவ்வொரு பருவத்திலும் அதற்கு வேண்டிய உரத்தையும் வளர்ச்சி ஊக்கியையும் உரிய இடத்தில் அளிக்கும் வேளாண் முறை ஆகும். பெரும்பாலான பயிர்களில் உரத்தின் அளவே முதன்மையாகப் பேசப்படுகின்றது. நிலக்கடலையிலோ, உரம் இடப்படும் நாளும் அது சென்று சேரும் இடமும் அளவுக்கு இணையான முக்கியத்துவம் பெறுகின்றன. மண்ணுக்கு மேலே பூத்து மண்ணுக்குள்ளே காய்க்கும் இப்பயிரின் தனித்தன்மையே இதற்குக் காரணம்.

இம்முறையில் மூன்று செயல்கள் அடங்கும். அவை, விதைப்பின்போது அடியுரம் இடுதல், பூக்கும் பருவத்தில் இலைவழியாக ஊட்டமும் வளர்ச்சி ஊக்கியும் தெளித்தல், விழுது இறங்கும் பருவத்தில் ஜிப்சம் இட்டு மண் அணைத்தல் என்பனவாகும்.

பின்னணி

நிலக்கடலையின் தாயகம் தென் அமெரிக்கா ஆகும். இதன் தாவரவியல் பெயர் அராக்கிஸ் ஹைப்போஜியா. இப்பெயரின் இரண்டாம் சொல் 'மண்ணுக்கு அடியில்' என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் இது வேர்க்கடலை என்றும் கடலை என்றும் வழங்கப்படுகின்றது. கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் மணிலா, மல்லாட்டை ஆகிய பெயர்களும் பேச்சு வழக்கில் உள்ளன.

கடலூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், வெள்ளாற்றின் வடகரையில் திட்டக்குடி அமைந்துள்ளது. இதற்கு வடகிழக்கே, பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலம் உள்ளது. இவ்வட்டாரத்தின் ஒரு பகுதி, வெள்ளாற்று நீரைப் பெறும் வெல்லிங்டன் ஏரியின் பாசனத்தை நம்பியுள்ளது. எஞ்சிய நிலங்கள் கிணற்றுப் பாசனத்தையோ மழையையோ நம்பியவை. இங்கு நெல், கரும்பு, மக்காச்சோளம், பருத்தி ஆகியவற்றுடன் நிலக்கடலையும் பயிராகின்றது.

விருத்தாசலத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இயங்குகின்றது. நிலக்கடலை, எள், முந்திரி ஆகியன இதன் முக்கிய ஆய்வுப் பயிர்கள். 'வி.ஆர்.ஐ.' என்ற முன்னொட்டுடன் வரும் நிலக்கடலை இரகங்கள் இங்கு உருவாக்கப்பட்டவை. அதேபோல் 'டி.எம்.வி.' என்பது திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தைக் குறிக்கும். 1940-ல் வெளியிடப்பட்ட டி.எம்.வி. 2, 1967-ல் வெளியிடப்பட்ட டி.எம்.வி. 7 ஆகியவை பரவலாக அறியப்பட்ட பழைய இரகங்கள்.

பயிரின் காலக்கணக்கு

கொத்து வகை நிலக்கடலை ஏறத்தாழ 100 முதல் 110 நாட்களில் அறுவடைக்கு வரும். ஊட்டமிடுதலைப் பொறுத்தவரை இதன் வாழ்நாளைப் பின்வருமாறு பிரிக்கலாம்.

• விதைப்பு நாள்: அடியுரம் இடப்படுகின்றது.
• 20 முதல் 30-ஆம் நாள் வரை: வேர் முடிச்சுகள் செயல்படத் தொடங்குகின்றன, பூக்களும் தோன்றத் தொடங்குகின்றன.
• 25, 35-ஆம் நாட்கள்: இலைவழி ஊட்டமும் வளர்ச்சி ஊக்கியும் தெளிக்கப்படுகின்றன.
• 40 முதல் 45-ஆம் நாள் வரை: விழுதுகள் மண்ணில் இறங்குகின்றன, ஜிப்சம் இட்டு மண் அணைக்கப்படுகின்றது.
• 45-ஆம் நாளுக்குப் பின்: மண்ணைக் கிளறும் வேலைகள் தவிர்க்கப்படுகின்றன.
• 60-ஆம் நாளுக்குப் பின்: காய்கள் பருத்துப் பருப்பு நிரம்புகின்றது.

நிலக்கடலைப் பூ தன்மகரந்தச் சேர்க்கை உடையது. கருவுற்ற பின் சூலகத்தின் அடிப்பகுதி நீண்டு, ஊசி போன்ற ஓர் உறுப்பாகி, மண்ணை நோக்கி வளர்கின்றது. இதையே உழவர்கள் விழுது என்கின்றனர். விழுதின் நுனி மண்ணுக்குள் சில சென்டிமீட்டர் ஆழம் சென்று இருளை அடைந்த பின்னரே அது காயாகப் பருக்கத் தொடங்கும். மண்ணை எட்டாத விழுது காயாவதில்லை.

செடி பல வாரங்கள் தொடர்ந்து பூக்கும். ஆனால் பிந்திப் பூக்கும் பூக்களின் காய்கள் அறுவடைக்குள் முற்றுவதில்லை. எனவே விளைச்சலைத் தீர்மானிப்பவை முதல் சில வாரங்களில் தோன்றும் பூக்களே. ஊட்டமிடும் நாட்கள் யாவும் 25-க்கும் 45-க்கும் இடையில் நெருக்கமாக அமைந்திருப்பதன் காரணம் இதுவே.

அடியுரம்

நிலக்கடலை ஒரு பயறுவகைத் தாவரம். இதன் வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரசனை நிலைநிறுத்தித் தருகின்றன. ஆகவே இப்பயிருக்கு உரமாக இடவேண்டிய தழைச்சத்து மிகக் குறைவு. நெல்லுக்கு எக்டேருக்கு 120 முதல் 150 கிலோ வரை தழைச்சத்து பரிந்துரைக்கப்படும் நிலையில், இறவை நிலக்கடலைக்கு நெடுங்காலமாகப் பரிந்துரைக்கப்பட்டது 17 கிலோ மட்டுமே. அதனுடன் 34 கிலோ மணிச்சத்தும் 54 கிலோ சாம்பல்சத்தும் சேர்த்து இடப்பட்டன. பின்னர் இப்பரிந்துரை 25:50:75 என உயர்த்தப்பட்டது. மானாவாரிப் பயிருக்கு இது 10:10:45 ஆகும். மண் ஆய்வு செய்திருந்தால் அதன் முடிவுக்கேற்ப இவ்வளவுகளை மாற்றிக்கொள்ள வேண்டும்.

அடியுரமாக இடும் சிறிதளவு தழைச்சத்து, வேர் முடிச்சுகள் செயல்படத் தொடங்கும் வரை இளஞ்செடிக்கு உதவுவதற்கானது. இதைப் பெருக்கினால் செடி செழிப்பாகத் தோன்றும். ஆனால் மண்ணிலிருந்தே தழைச்சத்து கிடைத்துவிடுவதால் வேர் முடிச்சுகள் குறையும். இலையும் தண்டும் மிகுந்து காய் குறையும் நிலையும் ஏற்படும். நெல்லுக்கு இடுவதைப் போல யூரியாவை இடைவெளிவிட்டு மேலுரமாக இடுவது நிலக்கடலைக்குப் பொருந்தாது.

ஜிப்சம் இடுதல்

வேர் ஏன் போதாது?

காய் உருவாவதற்குக் கால்சியம் இன்றியமையாதது. பொதுவாகத் தாவரங்களில் வேர் உறிஞ்சும் கால்சியம், நீருடன் சேர்ந்து சைலம் எனப்படும் நீர்க்குழாய்த் திசு வழியாக மேலேறுகின்றது. இந்த நீரோட்டத்தை இழுப்பது இலைகளில் நிகழும் நீராவிப்போக்கு. ஆதலால் கால்சியம் பெரும்பாலும் இலைகளையே சென்றடைகின்றது. ஒருமுறை இலையில் சேர்ந்த கால்சியம், புளோயம் என்னும் உணவுக்குழாய்த் திசு வழியாகப் பிற உறுப்புகளுக்கு ஏறத்தாழ இடம் பெயர்வதே இல்லை.

மண்ணுக்குள் இருக்கும் காயில் நீராவிப்போக்கு இல்லை என்றே கூறலாம். எனவே வேர் வழியாக வரும் கால்சியம் காயைப் போதிய அளவில் அடைவதில்லை. விழுதும் இளங்காயின் ஓடும் தம்மைச் சூழ்ந்துள்ள மண்ணீரிலிருந்து கால்சியத்தை நேரடியாக உறிஞ்சிக்கொள்கின்றன. அதாவது, செடியின் வேர்ப்பகுதியில் கால்சியம் மிகுந்திருந்தாலும், காய் அமரும் மேல் மண்ணில் அது இல்லையெனில் காய் பட்டினி கிடக்கும்.

இவ்வாறு கால்சியம் குறையும்போது, ஓடு வளர்ந்தும் உள்ளே பருப்பு இல்லாத காய்கள் உண்டாகின்றன. இவை பொக்குக் காய்கள் எனப்படும். பருப்பு உருவானாலும் அதன் முளைக்குருத்து கருத்துப் போகலாம். அத்தகைய பருப்பை விதையாகப் பயன்படுத்தினால் முளைப்புத்திறன் குறையும். இலைகளில் குறைபாடு எதுவும் புலப்படாமலே இது நிகழக்கூடும் என்பதால், செடியைப் பிடுங்கும் நாளில்தான் உழவருக்கு இழப்புத் தெரியவருகின்றது.

ஏன் 40 முதல் 45-ஆம் நாள்?

ஜிப்சம் என்பது நீரேறிய கால்சியம் சல்பேட்டு ஆகும். தூய ஜிப்சத்தில் எடையளவில் ஏறத்தாழ 23 விழுக்காடு கால்சியமும் 18 விழுக்காடு கந்தகமும் உள்ளன. எக்டேருக்கு 400 கிலோ, அதாவது ஏக்கருக்கு 160 கிலோ என்பது தமிழ்நாட்டுப் பரிந்துரை. தூய ஜிப்சம் எனக் கொண்டால், எக்டேருக்கு ஏறத்தாழ 93 கிலோ கால்சியமும் 74 கிலோ கந்தகமும் இதன்மூலம் கிடைக்கின்றன. கந்தகம் வேர் வழியாகவே பயிரைச் சென்றடைந்து, புரத உருவாக்கத்துக்கும் எண்ணெய்ச் சத்துக்கும் உதவுகின்றது.

ஜிப்சம் நீரில் மிதமாகக் கரையக்கூடியது. ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 2.4 கிராம் கரையும். இப்பண்பே காலக்கணக்கின் அடிப்படை. முழு அளவையும் மிக முன்னதாக இட்டால், மணற்பாங்கான நிலத்தில் அதன் ஒரு பகுதி மழையிலும் பாசன நீரிலும் கரைந்து, காய் அமரும் மேல் மண்ணைக் கடந்து கீழே சென்றுவிடும். மிகப் பிந்தி இட்டால், காய்க்குக் கால்சியம் மிகவும் தேவைப்படும் தொடக்க வாரங்கள் கடந்துவிடும். முதல் விழுதுகள் மண்ணில் இறங்கும் 40 முதல் 45-ஆம் நாள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதாகும். மண்ணின் தன்மையைப் பொறுத்து, பாதியை அடியுரமாகவும் மீதியை இந்நாட்களிலும் பிரித்து இடுவதும் உண்டு.

ஜிப்சத்தைச் செடியின் அடிப்பகுதியை ஒட்டி இட்டு, களைக்கொட்டால் மண்ணைக் கிளறி, செடியைச் சுற்றி மண் அணைக்க வேண்டும். மண் அணைப்பதால் உயரத்தில் தோன்றும் விழுதுகளும் மண்ணை எட்டுகின்றன. இதற்குப் பின் மண்ணைக் கிளறினால் இறங்கிய விழுதுகள் அறுபடும். எனவே 45-ஆம் நாளுக்குப் பின் களைக்கொட்டுப் பயன்படுத்துவது தவிர்க்கப்படுகின்றது.

ஜிப்சம் கரைவதற்கு மண்ணில் ஈரம் வேண்டும். இறவைப் பயிரில் இது எளிது. மானாவாரிப் பயிரில் நாளை நிர்ணயிப்பது மழையே. ஆகவே மானாவாரிக்கு 40 முதல் 75-ஆம் நாள் வரை, மண்ணில் ஈரமிருக்கும் நாளைப் பார்த்து இடலாம் எனப் பரிந்துரை நெகிழ்வாக அமைந்துள்ளது. சுண்ணாம்புத்தன்மை மிகுந்த மண்ணில் ஜிப்சம் இடுவதைத் தவிர்க்கலாம்.

திட்டக்குடிக்குத் தெற்கே வெள்ளாற்றைக் கடந்தால் வரும் பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களின் ஊட்டத்தூர்க் களிமண் படிவுகளில் ஜிப்சம் இயற்கையாகக் காணப்படுவது குறிப்பிடத்தக்கது. பாசுபாரிக் அமில ஆலைகளின் துணைப்பொருளாகவும் ஜிப்சம் கிடைக்கின்றது.

இலைவழி ஊட்டம்

பூக்கும் பருவத்தில் செடிக்கு ஒரே நேரத்தில் இலை, பூ, விழுது ஆகிய மூன்றையும் வளர்க்க வேண்டிய தேவை எழுகின்றது. மண்ணில் இடப்படும் மணிச்சத்து மண்துகள்களுடன் பிணைந்து எளிதில் கிடைக்காமல் போவதும் உண்டு. இந்நிலையில் சிறிதளவு ஊட்டத்தை இலைவழியாக விரைவாக அளிப்பதே இத்தெளிப்பின் நோக்கம்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி ஓர் ஏக்கருக்கான கலவை பின்வருமாறு தயாரிக்கப்படுகின்றது.

• டி.ஏ.பி. – 1 கிலோ
• அம்மோனியம் சல்பேட் – 400 கிராம்
• போராக்ஸ் (வெண்காரம்) – 200 கிராம்

இவற்றை 15 லிட்டர் நீரில் ஓர் இரவு ஊறவைக்க வேண்டும். டி.ஏ.பி. குருணைகள் முழுமையாகக் கரைவதில்லை. அடியில் படியும் வண்டல் தெளிப்பானின் மூக்கை அடைத்துவிடும். ஆகவே மறுநாள் காலையில் தெளிந்த கரைசலை வடிகட்டி எடுத்து, நீர் சேர்த்து 200 லிட்டராக ஆக்கவேண்டும். இக்கலவையை விதைத்த 25-ஆம் நாளும் 35-ஆம் நாளும் தெளிக்க வேண்டும். இம்மூன்று உப்புகளும் சேர்ந்து 200 லிட்டர் நீரில் 1.6 கிலோ, அதாவது 0.8 விழுக்காடு மட்டுமே. செறிவு கூடினால் உப்பு இலையிலுள்ள நீரை வெளியே இழுத்து இலையோரங்களைக் கருகச் செய்யும். கடும் வெயில் நேரத்தில் தெளிப்பதைத் தவிர்ப்பதும் இதன்பொருட்டே.

போராக்ஸ் சேர்ப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. போரான் குறைந்தால் பருப்பின் உட்புறம் குழிந்து கருக்கும். வெளித்தோற்றத்தில் பருப்பு நன்றாகவே இருக்கும் என்பதால் இக்குறைபாட்டை உடைத்துப் பார்த்தே அறியமுடியும்.

இக்கலவைக்கு மாற்றாக, பேரூட்டங்கள், நுண்ணூட்டங்கள், வளர்ச்சி ஊக்கிகள் ஆகியவை கலந்த 'நிலக்கடலை ரிச்' என்ற ஆயத்தக் கலவையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கியுள்ளது. இது ஏக்கருக்கு 2 கிலோ வீதம் 200 லிட்டர் நீரில் கரைத்து, பூக்கும் பருவத்திலும் காய் பிடிக்கும் பருவத்திலும் இருமுறை தெளிக்கப்படுகின்றது.

வளர்ச்சி ஊக்கியின் பங்கு

மேற்கூறிய கலவையுடன் ஏக்கருக்கு 140 மில்லிலிட்டர் பிளானோபிக்ஸ் சேர்க்கலாம் என்பது பரிந்துரை. இது 4.5 விழுக்காடு நாப்தலீன் அசிட்டிக் அமிலம் அடங்கிய வணிகப் பொருள் ஆகும். இவ்வமிலம், தாவரங்களில் இயற்கையாக உள்ள ஆக்சின் என்னும் இயக்குநீரைப் போலச் செயல்படும் செயற்கைச் சேர்மம். ஆக்சின் ஆய்வுக்குச் சார்லசு டார்வின் 1880-ல் வெளியிட்ட தாவர அசைவுகள் பற்றிய நூல் ஒரு தொடக்கமாகக் கருதப்படுகின்றது.

பூக்காம்பின் அடியில் உதிர்படலம் என்ற மெல்லிய செல் அடுக்கு உள்ளது. பூவிலிருந்து வரும் ஆக்சின் குறையும்போது, இவ்வடுக்கு எத்திலீன் வாயுவின் தூண்டலுக்கு ஆளாகிப் பிரிந்து, பூ உதிர்கின்றது. உரிய நேரத்தில் சிறிதளவு ஆக்சின் கிடைத்தால் இந்தப் பிரிவு தாமதமாகும். ஆகவே இது உரம் அன்று. ஊட்டச்சத்து எதையும் தருவதில்லை. செடி ஏற்கனவே உருவாக்கிய பூவைத் தக்கவைக்குமாறு அனுப்பப்படும் ஒரு செய்தி என்றே இதைக் கருதவேண்டும். ஊட்டமும் நீரும் இல்லாத செடியில் இச்செய்தியால் பயனில்லை.

அளவைக் கணக்கிட்டால் இதன் நுண்மை விளங்கும். 140 மில்லிலிட்டரில் உள்ள அமிலம் ஏறத்தாழ 6.3 கிராம். இது 200 லிட்டர் நீரில் கலக்கும்போது, ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 31 மில்லிகிராம் ஆகின்றது. 10 லிட்டர் கைத்தெளிப்பானுக்கு 7 மில்லிலிட்டர் போதும். கண்ணளவில் ஊற்றினால் இது எளிதில் இரு மடங்காகிவிடும். மிகுதியான ஆக்சின் செடியில் எத்திலீன் உற்பத்தியைத் தூண்டுவதால், நாடியதற்கு நேர்மாறான விளைவு ஏற்படலாம்.

இதே சேர்மம் ஆப்பிள் மரங்களில் பிஞ்சுகளை உதிர்த்துக் குறைப்பதற்கும், அன்னாசியில் பூக்கத் தூண்டுவதற்கும் பயன்படுகின்றது. பயிர், பருவம், செறிவு ஆகியவற்றுக்கு ஏற்பவே ஒரே பொருளின் விளைவு மாறுகின்றது என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

கோதுமையுடன் ஒப்பீடு

உரமிடும் காலத்தையும் வளர்ச்சி ஒழுங்கியையும் இணைத்துப் பார்க்கும் முறை கோதுமைச் சாகுபடியில் பெரிதும் வளர்ச்சியடைந்தது. இந்தியாவில் கோதுமைக்கு விதைத்த ஏறத்தாழ 21-ஆம் நாள், முடிவேர்கள் தோன்றும் பருவத்தில், முதல் நீரும் மேலுரத் தழைச்சத்தும் அளிக்கப்படுகின்றன. தழைச்சத்து மிகும்போது தாள் உயர்ந்து, கதிரின் பாரத்தால் பயிர் சாய்ந்துவிடுகின்றது. 1960-களில் இந்தியாவுக்கு வந்த குட்டைக் கோதுமை இரகங்கள் இச்சிக்கலை மரபியல் வழியாகக் குறைத்தன.

இதே காலத்தில் வேதியியல் வழி ஒன்றும் கிடைத்தது. 1960-ல் அமெரிக்காவின் மிச்சிகன் அரசுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த என். இ. டோல்பர்ட் குளோர்மெகுவாட் குளோரைடின் விளைவை வெளியிட்டார். இது, தண்டை நீளச் செய்யும் ஜிப்பரலின் உருவாவதைத் தடுத்து, தாளைக் குட்டையாகவும் உறுதியாகவும் ஆக்குகின்றது. உயர் விளைச்சல் நோக்கிய கோதுமைச் சாகுபடியில், முதற்கணுப் பருவத்திலும் கண்ணாடி இலை தோன்றும் பருவத்திலும் இது தெளிக்கப்படுகின்றது. தமிழ்நாட்டில் கோதுமை பரவலான பயிர் அன்று. எனினும் நீலகிரி மாவட்டம் வெல்லிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கோதுமை ஆய்வு நிலையம் உள்ளது.

கோதுமையில் ஒழுங்கியின் பணி தாளின் வளர்ச்சியை அடக்குவது. நிலக்கடலையில் அதன் பணி பூவைத் தக்கவைப்பது. எனினும், கொடி மிகுந்து படரும் நிலக்கடலையிலும் வளர்ச்சியை அடக்கும் பொருட்கள் பயன்பட்டதுண்டு. அமெரிக்காவில் இதற்கெனப் பயன்பட்ட டாமினோசைடு, உடல்நலக் கேடு பற்றிய ஐயத்தால் 1989-ல் உணவுப் பயிர்களின் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டது. பின்னர் புரோஹெக்சாடயோன் கால்சியம் அங்கு பயன்பாட்டுக்கு வந்தது.

வழக்கமான தவறுகள்

• நாட்காட்டியை மட்டும் நம்புதல்: குளிர், வறட்சி, இரகம் ஆகியவற்றால் பருவம் சில நாட்கள் முன்பின்னாகும். வயலில் மூன்று நான்கு இடங்களில் செடியைப் பிடுங்கி, விழுது இறங்கத் தொடங்கிவிட்டதா எனப் பார்த்தபின் ஜிப்சம் இடுவதே சரியானது.
• ஆள் கிடைக்காமல் மண் அணைப்பதைத் தள்ளிப்போடுதல்: 55, 60-ஆம் நாட்களில் களைக்கொட்டு இறக்கினால், ஜிப்சத்தால் பெறும் பயனைவிட அறுபடும் விழுதுகளால் வரும் இழப்பு மிகும்.
• ஈரமற்ற மண்ணில் ஜிப்சம் தூவுதல்: கரையாத ஜிப்சம் காய்க்குப் பயன்படாது.
• பூ குறைந்தால் யூரியா இடுதல்: இது இலையைப் பெருக்குமேயன்றிக் காயைப் பெருக்காது.
• பல பொருட்களை ஒரே தெளிப்பில் கலத்தல்: பரிந்துரையில் இல்லாத மருந்துகளைச் சேர்ப்பதால் கரைசல் திரியவோ இலை கருகவோ கூடும்.

சட்ட நிலை

இந்தியாவில் உரங்கள் 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழும், நாப்தலீன் அசிட்டிக் அமிலம் போன்ற வளர்ச்சி ஒழுங்கிகள் 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழும் வருகின்றன. கடற்பாசிச் சாறு, ஹியூமிக் அமிலம் முதலிய உயிரியல் ஊக்கிகள் நெடுங்காலம் இவ்விரண்டிலும் அடங்காமல் விற்கப்பட்டன. 2021-ல் செய்யப்பட்ட திருத்தத்தின் மூலம் இவையும் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவரப்பட்டன. 'டானிக்' என்ற பொதுப்பெயரில் விற்கப்படும் பொருளை வாங்கும்போது, அதில் அடங்கிய பொருளின் பெயரும் விழுக்காடும் சிட்டையில் உள்ளனவா எனப் பார்த்தல் வேண்டும். அவை இல்லையெனில் சரியான அளவைக் கணக்கிட வழியே இல்லை.

வரம்புகள்

பருவமறிந்து ஊட்டமிடுதல் பிற சாகுபடி முறைகளுக்கு மாற்று ஆகாது. நல்ல விதை, 30 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் இடைவெளியில் போதிய செடிகள், பூக்கும் பருவத்திலும் காய் பிடிக்கும் பருவத்திலும் தடையில்லா ஈரம், இலைப்புள்ளி, துரு ஆகிய நோய்களிலிருந்து பாதுகாப்பு ஆகியவை இருந்தால்தான் ஊட்டம் விளைச்சலாக மாறும். மண்ணில் ஏற்கனவே கால்சியமும் கந்தகமும் போதிய அளவு உள்ள இடங்களில் ஜிப்சத்தால் கிடைக்கும் கூடுதல் விளைச்சலும் குறைவாகவே இருக்கும்.

'ஆடிப் பட்டம் தேடி விதை' என்ற பழமொழி விதைக்கும் நாளின் அருமையை உணர்த்துகின்றது. நிலக்கடலையைப் பொறுத்தவரை, விதைத்த நாளிலிருந்து எண்ணப்படும் 25, 35, 45-ஆம் நாட்களும் அதே அளவு முக்கியமானவை. இந்நாட்களைத் தவறவிடாமல் இருப்பதற்குக் கூடுதல் உரமோ கூடுதல் பணமோ தேவையில்லை என்பதால், சிறு உழவர்களுக்கும் இம்முறை எட்டக்கூடியதாக உள்ளது.